அந்தச் சிவப்புத் தட்டு

கார்பெட் முகடு தீக்காவல் கோபுரம்
ஜூன் 11, 2017

அன்புள்ள டார்லா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் டெல் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி குறைந்ததா? டயர் கடையில் குனிந்து நிமிர்வதை நீ குறைக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஹார்லன் கோவேறு கழுதைகளோடு சாமான் ஏற்றிவரும்போது கொண்டுவருவதும், இறங்கும்போது எடுத்துப்போவதும்தான் இங்கே தபால். போனுக்குச் சிக்னல் கிடையாது. வயர்லெஸ் இருக்கிறது, ஆனால் அது தீயைப் பற்றிச் சொல்வதற்கு. காலையும் மாலையும் ஒவ்வொரு கோபுரமாகக் கூப்பிடுவார்கள். என் முறை வரும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. "கார்பெட் முகடு, புகை இல்லை" என்பதை முன்கூட்டியே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று கீழே அலுவலகத்திலிருந்து மேஜ் கேட்டார்: "ஏம்மா, கோபுரத்துல ஆள் இருக்கா, இல்ல எலி பேசுதா?" காடு முழுவதும் கேட்டிருக்கும்.

மார்னி விஷயம் என்ன ஆயிற்று? அத்தானின் தங்கை ரோண்டாவால் மகளை வளர்க்க முடியாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அப்புறம் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்ப என்ன தயக்கம்? நான்கு வயதுக் குழந்தை யார் வீட்டிலோ இருக்கிறாளே என்று இங்கே உட்கார்ந்து கவலைப்படுகிறேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் நீ கொட்டகையில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அச்சுக்குள் ஊற்றிய ஈயத்தின் பளபளப்பு மங்கும் அந்த நொடிக்காக நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
ஜூனி

*

டன்னர்ஸ் ஃபோர்டு
ஜூன் 25

நம்ம வீட்டு முதல் பட்டதாரிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். முதுகு அப்படியேதான் இருக்கு, அதுவும் குடும்பத்துல ஒருத்தர் மாதிரி ஆயிடுச்சு. நீ ஒழுங்கா சாப்பிடுறியா? டப்பா பீன்ஸையே தின்னுக்கிட்டு இருக்காதே.

மார்னி விஷயத்துல முட்டுக்கட்டை என் ஈயம்தான். குழந்தைகள் நலத்துறையில இருந்து மிஸஸ் ஆர்னெட்னு ஒரு அம்மா வந்தாங்க. முதல் கேள்வியே, "வீட்டுல ஈயம் உருக்குறீங்களாமே?" நான் சொன்னேன், "வீட்டுல இல்ல, கொட்டகையில." அவங்க குறிச்சுக்கிட்டாங்க. குறிச்ச விதம் எனக்குப் பிடிக்கல.

அதனால குண்டு மேல மெழுகு தடவுற வேலையை அடியோட விட்டுட்டேன். இப்ப எல்லாமே பூச்சுதான், ஈயம் கையில ஒட்டாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல குண்டைப் போட்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் மணி, ஒரு கரண்டி வண்ணப்பொடி போட்டு மூடிட்டு வட்டமா ஆட்டணும். உரசுற உரசல்ல பொடி ஓடிப்போய் குண்டு மேல ஒட்டிக்குது. ஏன்னு நீ விளக்குவே, எனக்கு ஒட்டுனாப் போதும். ஈரக்காத்து அடிக்கிற நாள்ல எவ்வளவு ஆட்டினாலும் ஒட்டாது. அப்புறம் ஒண்ணோடொண்ணு தொடாம தட்டுல நிக்க வச்சு, கொட்டகைக்குன்னே வாங்கின சின்ன ஓவன்ல வேக வைக்கணும். ஓவன் திருகுல போட்டிருக்கிற சூட்டை நம்பக்கூடாது, அது பொய் சொல்லும். உள்ளே தனியா ஒரு சூடுமானி வச்சிருக்கேன். ஆறினதும் ஒண்ண எடுத்து இரும்பு மேல வச்சு சுத்தியலால தகடா அடிக்கணும். ஈயம் நசுங்கணும், பூச்சு உரியக்கூடாது. உரிஞ்சா வேகலைன்னு அர்த்தம்.

போன வாரம் முதல் தடவையா சிவப்பு போட்டேன். தட்டு உள்ளே இருக்கும்போதே இடி இடிச்சு கரண்ட் போயிடுச்சு. வந்தப்புறம் திரும்ப வேக வச்சேன். ரெண்டை அடிச்சுப் பார்த்தேன், உரியல. டெல் ஒண்ண எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, "இது சுடுறதுக்கா, கேக் மேல வைக்கிறதுக்கா?"ங்கிறாரு.

செப்டம்பர் துப்பாக்கி சுடுற போட்டிக்கு இந்தச் சிவப்பைத்தான் எடுத்துட்டுப் போகப்போறேன். குறியா நிக்க வச்ச இரும்பு ஆட்டுக்கடா ஒண்ணொண்ணா விழுறப்ப அவனவன் மூஞ்சியைப் பார்க்கணும்.

அக்கா,
டார்லா

*

கார்பெட் முகடு
ஜூலை 3

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். பீன்ஸை நிறுத்திவிட்டேன், இப்போது டப்பா சோளம்.

உன் கடிதத்தை ஹார்லனுக்கும் வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா ரொட்டி சுட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். கல் மாதிரி இருக்கும் என்று உண்மையைச் சொன்னேன்.

ஆர்னெட் அம்மாவைப் பற்றி யோசித்தேன். அவர் ஈயத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், அந்தச் சொல்லைத்தான் கேட்டிருப்பார். அடுத்த முறை வரும்போது ஒரு வெள்ளைத் துணியை மேசையில் விரி. பூசாத குண்டு ஒன்றை அதன்மேல் உருட்டு, சாம்பல் கோடு விழும். பிறகு உன் சிவப்பை உருட்டு, ஒன்றும் விழாது. நீ வாயால் ஆயிரம் சொல்வதைவிட அது பேசும். உன் வேலையைக் கண்ணால் பார்த்தவர் யாரும் உன்னைச் சந்தேகப்பட மாட்டார்.

இன்னொன்று. பூச்சு போட்ட பிறகு பயமில்லை, அதற்கு முன்னால்தான். பழைய சக்கரங்களிலிருந்து எடுத்த ஈயத் துண்டுகளைப் பிரிக்கும்போது எழும் தூசி துணியில் ஒட்டும். அந்த உடையோடு வீட்டுக்குள் போகாதே. சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஜூனி

*

டன்னர்ஸ் ஃபோர்டு
ஜூலை 12

ஜூனி,

சௌக்கியம். அவசரமா எழுதுறேன், ஹார்லன் கிளம்பிட்டாரு.

சனிக்கிழமை ஆர்னெட் அம்மா வர்றாங்க, மார்னியையும் கூட்டிட்டு வர்றாங்க. மதியம் வரைக்கும் இருப்பாங்களாம். டெல் படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டுட்டாரு. நான் ஹக்கிள்பெரிப் பழம் உள்ளே அடைச்சுச் சுடுற பை பலகாரம் செய்யப்போறேன். ரொட்டிதான் எனக்கு வராது, பை வரும். அதை ஹார்லன்கிட்ட சொல்லு.

உன் துணி யோசனை பிரமாதம். நேத்து டெல்கிட்ட செஞ்சு காட்டினேன். அவரே இன்னொரு தடவை உருட்டச் சொன்னாரு.

எனக்கு இது வேணும் ஜூனி. நான் எதையும் இப்படி வேணும்னு கேட்டதில்ல.

டார்லா

*

கார்பெட் முகடு
ஜூலை 29

அன்புள்ள அக்கா,

நலம்தானே? ஹார்லன் வந்தார், உன் கடிதம் வரவில்லை. பை எப்படி இருந்தது? மார்னி உன்னிடம் வந்தாளா, அத்தான் பின்னாலேயே ஒளிந்துகொண்டாளா? ஆர்னெட் அம்மா துணியைப் பார்த்து என்ன சொன்னார்? எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுது.

இங்கே தினமும் மின்னல். மின்னும்போது மின்சாரம் தாக்காமலிருக்க, கண்ணாடிக் கால் வைத்த முக்காலியில் ஏறி நிற்க வேண்டும். அதன்மேல் நின்றபடியே நீங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஜூனி

*

டன்னர்ஸ் ஃபோர்டு
ஆகஸ்ட் 2

ஜூனிக்கு,

நாங்க சௌக்கியம். நீ சௌக்கியமா? மின்னல் நேரத்துல இரும்பு எதையும் தொடாதே.

இங்க வெயில் கொளுத்துது. கடையில ஒரே கூட்டம், லாரி டயர் வெடிக்கிற காலம். பக்கத்து வீட்டுக்காரன் நாய் நாலு குட்டி போட்டிருக்கு. டெல் தோட்டத்துல தக்காளி காய்ச்சிருக்கு. ஆனா மான் தின்னது போக மிச்சம்தான் நமக்கு.

உன்கிட்ட ஒரு சந்தேகம், நீ படிச்சவ. பூச்சு சரியா வெந்திருந்தா புளிப்புக்குத் தாங்குமா? வினிகர் மாதிரி ஏதாவதுல ஒரு அரை நாள் கிடந்தா? நான் ஒரு சிவப்பை வினிகர்ல போட்டு வச்சேன். வினிகர் தெளிவாத்தான் இருக்கு. அப்போ ஈயம் வெளியே வரலைன்னுதானே அர்த்தம்? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

டார்லா

*

கார்பெட் முகடு
ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம்.

உன் கேள்விக்குப் பதில்: வினிகர் தெளிவாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஈயம் கரைந்தாலும் நிறம் மாறாது. நன்றாக வெந்த பூச்சு தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். ஊசிமுனை அளவு இடம் விட்டுப்போயிருந்தால் அங்கிருந்து கரையும். பெயிண்ட் கடையில் ஈயம் கண்டுபிடிக்கும் குச்சி விற்பார்கள். வாங்கி அந்த வினிகரில் தோய்த்துப் பார். குச்சி சிவந்தால் ஈயம் இருக்கிறது.

நேற்று இதுவரை எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். நாய்க்குட்டி இருக்கிறது, தக்காளி இருக்கிறது. சனிக்கிழமையைப் பற்றி ஒரு வரி இல்லை. பை இல்லை, மார்னி இல்லை. புளிப்பு, அரை நாள். வயிற்றுக்குள் இருப்பதும் புளிப்புதான் அக்கா.

நேற்று மாலை என் முறை வந்தபோது சொன்னேன்: "கார்பெட் முகடு, புகை இல்லை. ஒரு சொந்த விஷயம் இருக்கு."

மேஜ், "சொல்லும்மா" என்றார்.

"டன்னர்ஸ் ஃபோர்டுல என் அக்கா டார்லா ப்ரூயிட். அவளுக்குப் போன் பண்ணி, மார்னி எப்படி இருக்கான்னு யாராவது கேட்கணும்."

"மார்னி யாரு?"

"எங்க வீட்டுக்கு வரப்போற குழந்தை. அவ எதையோ விழுங்கிட்டான்னு நினைக்கிறேன்."

காடு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் முறையாக எனக்கு அது உறைக்கவில்லை.

இன்று காலை மேஜ் கூப்பிட்டார். "குழந்தை நல்லா இருக்கு. உங்க அத்தான் எழுதறாராம். உங்க அக்கா உன்னைத் திட்டச் சொன்னா. நீயே திட்டிக்கோன்னு சொல்லிட்டேன்." நான் நன்றி சொல்வதற்குள் வடக்குக் கோபுரத்துக் கிழவர் குறுக்கே வந்தார். "நல்ல சேதி. நாங்க யாரும் ராத்திரி தூங்கல தெரியுமா?"

நல்லா இருக்கு என்பது போதாது. எல்லாவற்றையும் சொல்.

ஜூனி

*

டன்னர்ஸ் ஃபோர்டு
ஆகஸ்ட் 13

ஜூனிக்கு டெல் எழுதுவது.

எல்லாரும் நலம். எனக்கு எழுத வராது, இருந்தாலும் உன் அக்கா எழுத மாட்டா, அதனால நான்.

அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் போச்சு. மார்னி பை சாப்பிட்டா, மூக்கெல்லாம் ஊதா. அப்புறம் டார்லா துணியை விரிச்சு வெறும் ஈயத்தை உருட்டினா, கோடு விழுந்துச்சு. சிவப்பை உருட்டினா, ஒண்ணுமில்ல. ஆர்னெட் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பார்த்தாங்க. "அட"ன்னாங்க. நாங்க மூணு பேரும் துணியைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். யாரும் குண்டைப் பார்க்கல. மார்னி "செர்ரி"ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. திரும்புறதுக்குள்ள விழுங்கிட்டா.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன், ஆர்னெட் அம்மா கார் பின்னாலேயே. எக்ஸ்ரேல குண்டு வயித்துல அழகா தெரியுது. டாக்டர் சின்ன வயசுக்காரரு. "பொதுவா இந்த அளவு பொருள்னா தானா வெளியே வந்துடும், காத்திருப்போம். ஆனா இது ஈயம். பூச்சு இருக்குங்கறீங்க. அந்தப் பூச்சு தாங்குமா?"ன்னு கேட்டாரு.

எல்லாரும் டார்லாவைப் பார்த்தோம். அவ வேலையில ஒருத்தன் குத்தம் சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். போன வருஷம் பூச்சு உரியுதுன்னு துப்பாக்கிக் கிளப்புல ஒருத்தன் சொன்னதுக்கு, சுத்தியலும் கையுமா அவன் வீட்டு வாசல்ல போய் நின்னா. தாங்கும்னு சொல்லப்போறான்னுதான் நான் நினைச்சேன். அவ சொன்னா: "அந்தத் தட்டு வேகும்போது கரண்ட் போச்சு. ரெண்டைத்தான் அடிச்சுப் பார்த்தேன். மத்ததுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. இப்பவே எடுத்துடுங்க."

ஆர்னெட் அம்மா எழுதிக்கிட்டாங்க. அது எழுத்துல ஏறினா குழந்தை நமக்கில்லைன்னு டார்லாவுக்குத் தெரியும். எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தப் பேனாவையே பார்த்துக்கிட்டு நின்னா.

மயக்கம் குடுத்து, வாய் வழியா குழாய் விட்டு சாயந்திரத்துக்குள்ள எடுத்துட்டாங்க. பூச்சுல ஒரு கீறல் இல்ல ஜூனி. டாக்டரே வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. நானா இருந்தா சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். இவ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, குழந்தை கண் முழிக்குதான்னு பார்த்துக்கிட்டு இருந்தா.

ரத்தப் பரிசோதனை சரியா இருக்கு, செப்டம்பர்ல திரும்ப எடுக்கணும். அதுவரைக்கும் குழந்தை இந்தப் பக்கம் வரக்கூடாது. அதுக்கப்புறம் முடிவு சொல்லுவாங்க.

உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. "துணி யோசனை அவளோடது. தெரிஞ்சா மலையை விட்டு இறங்கி வந்துடுவா, இல்லேன்னா அங்கேயே உக்காந்து கரைஞ்சு போவா"ன்னா. நீ வயர்லெஸ்ல கேட்டப்புறம் சத்தியம் செல்லாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

டெல்

*

கார்பெட் முகடு
ஆகஸ்ட் 26

அக்கா,

அத்தானைத் திட்டாதே.

இறங்கி வரவில்லை. கிழக்குச் சரிவில் புகை, வேலை இருக்கிறது. கரையவும் இல்லை. ஒரு நாள் அழுதேன், அவ்வளவுதான். துணி என்னுடைய யோசனை. அதை எனக்கும் சேர்த்து நீ சுமக்க வேண்டாம்.

அந்த டாக்டர் என்னைக் கேட்டிருந்தால், உன் வேலைமேல் இருக்கும் நம்பிக்கையில் "தாங்கும்" என்று சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. தாங்கியிருக்கும்தான். இருந்தாலும் பயமாக இருக்கிறது. நீ அங்கே நின்றதை நான் பார்க்கவில்லை. ஆனால் அதைப்போல வேறு எதையும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

வடக்குக் கோபுரத்துக் கிழவர் தினமும் மாலை "சின்னவ எப்படி?" என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

உன் ஜூனி

*

டன்னர்ஸ் ஃபோர்டு
செப்டம்பர் 11

ஜூனி,

நல்லா இருக்கேன். டெல்லும் நல்லா இருக்காரு, திட்டு வாங்கின அளவுக்கு.

வயர்லெஸ்ல நீ போட்ட தண்டோராவுல ஊரே விசாரிக்குது. தீவனக் கடையில காசு குடுக்கப் போனா, அங்க இருக்கிறவ மிச்சச் சில்லறையைக் கையிலேயே வச்சுக்கிட்டு, "குழந்தை?"ங்கிறா. சொன்னாத்தான் சில்லறை. கிழவர்கிட்ட சொல்லு, ரெண்டாவது ரத்தப் பரிசோதனையும் சுத்தம்.

அது எடுத்தது சனிக்கிழமை, போட்டி நாள். ஆஸ்பத்திரி தாழ்வாரத்துல தூரமா நின்னு பார்க்க மட்டும் விட்டாங்க. ஊசி குத்தினப்ப மார்னி அழல, நர்ஸை முறைச்சா. ஆட்டுக்கடாவை வேற எவனோ விழ வச்சிருப்பான்.

ஆர்னெட் அம்மா என் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னாங்க. ரத்தத்துல ஈய அளவு காட்டுற எண் நல்லா இல்ல. அப்புறம் நீ சொன்ன அந்தக் குச்சியோட வீடு பூரா வந்தாங்க. சமையலறை சுத்தம், குழந்தைக்கு ஒதுக்கின அறை சுத்தம். துணி துவைக்கிற மூலையில, நான் பூட்ஸ் கழட்டுற இடத்துல, குச்சி சிவந்துச்சு. நீ ஜூலையிலேயே சொன்னே. நான் பூச்சைப் பத்தின பேச்சை மட்டும் படிச்சுட்டு அடுத்த பாராவைத் தாண்டிட்டேன் போல.

அந்தத் தரையை நானும் டெல்லும் பெயர்த்து எடுத்துட்டோம். உருக்குற பானை, அச்சு, ஓவன், பொடி எல்லாம் இப்ப மலைக்கு அந்தப் பக்கம், கிளப்புல கூடச் சுடுற க்ளீட்டஸ் பண்ணையில. அங்கேயே உடுப்பு மாத்தி, அங்கேயே குளிச்சுட்டுத்தான் வரணும். என் எண் இறங்குற வரைக்கும் அங்கயும் போகப்போறதில்ல. கொட்டகை காலியா கிடக்கு. டெல் அங்க போய் நின்னு பார்த்துட்டு வர்றாரு.

ஆர்னெட் அம்மா போகும்போது வாசல்ல நின்னு, "அன்னைக்கு நீங்க தாங்கும்னு சொல்லியிருந்தா நான் இன்னைக்கு வந்திருக்க மாட்டேன்"னாங்க. இது நல்லதா கெட்டதான்னு கேட்டேன். "முடிவு எங்க மேலிடத்துல இருந்து வரும்"னுட்டுக் கார்ல ஏறிட்டாங்க.

டார்லா

*

டன்னர்ஸ் ஃபோர்டு
அக்டோபர் 2

ஜூனி,

இது ஹார்லனோட கடைசி நடையில உனக்கு வரும். கோபுரத்தைப் பூட்டிட்டு அவரோடயே இறங்கிடு. குளிர்ல கழுதை மேல வர்றே, காதை மூடிக்கோ.

நாங்க மூணு பேரும் சௌக்கியம்.

ஆமா, மூணு பேர். போன செவ்வாய்க்கிழமை வந்தா. ஒரு துணிப்பை, ஒரு ஒத்தைக் காது முயல் பொம்மை. ஆறு மாசத்துக்கு மாசாமாசம் வந்து பார்ப்பாங்களாம். வரட்டும்.

பூட்ஸைப் போட்டுக்கிட்டே தூங்குறா. டெல்லை "மாமா"ன்னு கூப்பிட்டா. அவரு கொட்டகைக்குப் போய் மூக்கைச் சிந்திட்டு வந்து தூசின்னாரு. அங்க ஒரு துளி தூசி இல்ல, நானே மூணு தடவை கழுவினது.

என்னை இன்னும் எதுவும் கூப்பிடல. ஆனா ஒண்ணு செய்யுறா. சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்ததும், பட்டாணி ஒண்ண ரெண்டு விரல்ல எடுத்து என் முகத்துக்கு நேரா நீட்டி, "இது சாப்பிடுறதா?"ன்னு கேக்குறா. நான் ஆமாங்கிறேன். அதைத் தின்னுட்டு அடுத்ததை நீட்டுறா. பட்டாணி, ரொட்டி விளிம்பு, கறித்துண்டு, எல்லாத்தையும். டெல் சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வரல. ஒவ்வொண்ணையும் வாங்கி, திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் ஆமாங்கிறேன். நான் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்குறா. நேத்து ராத்திரி சாப்பாடு ஆறி அவலாப் போச்சு. நாங்க எழுந்திரிக்கல.

நீ வந்து நின்னா உன்னையும் கைகாட்டி அதையேதான் கேப்பா. என்ன சொல்லலாம்னு நான் இன்னும் முடிவு பண்ணல. சீக்கிரம் வந்து சேரு.

டார்லா